சொன்ன பேச்சைக் கேட்கிற நாய்

மின்சாதனக் கடையின் புகார் கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து பெரியவளுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. எதிரில் நிற்பவர் குரலை உயர்த்தினால் போதும், தப்பு யார் பேரில் என்று பார்க்கமாட்டாள், முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவாள். குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்து அடியைக் கருக்கிக்கொண்டு வந்து, "உங்க குக்கர் சரியில்ல" என்று சண்டை போடுகிறவருக்கும் அதே மன்னிப்பு, அதே சிரிப்பு, "மாத்திக் குடுத்துடலாம் சார்" என்ற அதே பதில். கத்துகிறவரிடம் நியாயம் பேசினால் வரிசை வளரும், கேட்டதைக் கொடுத்தால் வரிசை நகரும். அவள் கற்ற வித்தை இவ்வளவுதான். அதற்காகக் கடையில் அவளுக்கு நல்ல பெயர். அந்த வித்தையை வீட்டுக்கும் எடுத்து வந்ததுதான் வினையாகப் போயிற்று.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். தங்கை பிசியோதெரபிஸ்ட். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, முப்பது வயதுக்குள் முழுதாக அணைந்துவிட்டது. கொஞ்ச காலம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு ஒருநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "முதுகு பிடிச்சிக்கிட்டவனுக்கு என் கண்ணா வேணும்? கைதானே வேணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து காலையில் கிளினிக்கில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டிவருவதும் பெரியவளின் பொறுப்பு. தங்கை அவள் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நடப்பாள். அந்தப் பிடி பெரியவளுக்குப் பழகிப்போயிற்று. தங்கை கூட இல்லாத நாட்களில்கூட இடது கையைக் கொஞ்சம் மடக்கியே நடப்பாள்.

அப்புறம்தான் நாய் வந்தது.

கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் நிலையத்தில் அதற்கு வைத்த பெயர் வேறு. வீட்டில் அதன் பெயர் மாப்பிள்ளை. தங்கை வைத்த பெயர். "நேரத்துக்குச் சாப்பாடு போடணும், குளிப்பாட்டணும், தலைவாரி விடணும், ஆனா நாம சொன்னதைக் கேக்கணும்னு மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. மாப்பிள்ளைதானே?" என்றாள். மணல் நிறம், தொங்கும் காது, யார் வீட்டுத் துக்கத்தையோ சுமப்பது போன்ற முகம். கைப்பிடி வைத்த பெல்ட்டை மாட்டிவிட்டால் போதும், அந்த முகத்தில் ஒரு ஆபீசர் களை வந்துவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் சோபாவுக்கு அடியில் கிடக்கும் செருப்பைத் தேடப் போய்விடும்.

நாயோடு எப்படிப் பழக வேண்டும் என்று வீட்டாருக்கும் நிலையத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் கடையில் தள்ளுபடி விற்பனை. பெரியவள் போகவில்லை. தங்கை வந்து நாலு வார்த்தையில் சொல்லி முடித்தாள்: பெல்ட் போட்டிருக்கும்போது வேறு யாரும் தொடக்கூடாது, கூப்பிடக் கூடாது, தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. "அப்புறம் ஒரு விஷயம்க்கா. நான் சொல்றதைக் கேக்காம இருக்கவும் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள். பெரியவள் சிரித்தாள். மாப்பிள்ளை கதையின் தொடர்ச்சி என்றே அதை எடுத்துக்கொண்டாள். தங்கையும் சிரித்தாள், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

முதல் நாள் தங்கை நாயோடு தனியாகக் கிளினிக்குப் புறப்பட்டபோது பெரியவள் வாசலில் நின்று பார்த்தாள். தங்கையின் தோள் நிமிர்ந்திருந்தது, நடையில் வேகம் வந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய காட்சி. பெரியவளும் சந்தோஷப்பட்டாள், பொய் இல்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது இடது கை இன்னும் மடங்கியே இருந்தது. இத்தனை வருஷம் தன் கையைப் பிடித்தவள் ஒரே நாளில் நாயின் கைப்பிடிக்கு மாறிவிட்டாளே என்று பொறாமையாக இருந்தது. ஒரு நாயிடம் போய்ப் பொறாமையா என்று வெட்கமாகவும் இருந்தது.

கிளினிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்தது அதன் பிறகுதான். இரண்டாம் மாடி, இரண்டு அறை, தெருவைப் பார்த்த பால்கனி. கேட்டைத் தாண்டி, ஒரு தெருவைக் கடந்து, வலது பக்கம் திரும்பினால் கிளினிக். ஒரே ஒரு தெருதான் கடக்க வேண்டும். கண் தெரியாதவளுக்கு இதைவிடத் தோதான வீடு எங்கே கிடைக்கும்? வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். போனில், "நாயா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அசோசியேஷன்ல கேட்டுக்குங்க" என்று பந்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

அசோசியேஷன் என்றால் செயலாளர். பெரிய அலுவலகம் ஒன்றில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. மாடியில் துணி காயப்போட ஒரு சுற்றறிக்கை, படியில் செருப்பு விடுவதற்கு ஒன்று, குழந்தைகள் லிஃப்டில் குதிப்பதற்கு ஒன்று. குடியிருப்பில் எல்லோரும் அவரை சர்க்குலர் என்றுதான் சொல்வார்கள், அவர் முதுகுக்குப் பின்னால். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர்த் தொட்டி கழுவும்போது தானே மேலே ஏறி நின்று பார்க்கிற மனிதர். ஆனால் தன் கண்ணுக்கு ஒழுங்காகப் படாத எதையும் அவரால் தாங்கமுடியாது.

அவருக்கு மாப்பிள்ளையை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை தங்கை லிஃப்டை விட்டு வெளியே வந்து, "போ" என்றாள். நாய் நின்றுவிட்டது. மறுபடி "போ" என்றாள். அது அவள் காலுக்குக் குறுக்கே வந்து நின்றது. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் வாளியையும் துடைப்பத்தையும் நடுவில் போட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே வந்த சர்க்குலர் கண்ணில் வாளி படவில்லை, நாய்தான் பட்டது. "என்னம்மா இது, சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது?" என்றார். தங்கைக்குக் கிளினிக்கில் ஒரு நோயாளி காத்திருந்தார். "அதுதான் சார் அவன் வேலை" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக வழி கண்டுபிடித்துப் போய்விட்டாள். இவருக்கு அது எகத்தாளமாகப் பட்டது.

மறுநாள் லிஃப்டில் தாள் ஒட்டியாயிற்று. சொல் கேளாத பிராணிகளைக் குடியிருப்பில் வைத்திருக்க அனுமதி இல்லை. மாதக் கடைசிக்குள் அப்புறப்படுத்த வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. இவர்கள் ஏறினால் லிஃப்டில் இருப்பவர்கள் அவசரமாக இறங்கிக்கொண்டார்கள். குப்பை எடுத்துப்போகிற பின்பக்கப் படியை நீங்கள் பயன்படுத்தலாமே என்று ஒருவர் தன்மையாகச் சொன்னார். மூன்றாம் மாடி அம்மா ஒருத்தி, தங்கை பக்கத்தில் இருக்கும்போதே பெரியவளிடம் மட்டும் கேட்டாள்: "கண்ணே தெரியாதவங்க நாய் அசிங்கம் பண்ணா எப்படிம்மா அள்ளுவாங்க? கூட ஒரு ஆளை வச்சுக்கலாமே?"

"எனக்குக் கண்ணுதாங்க தெரியாது, காது நல்லா கேக்குது" என்றாள் தங்கை.

பெரியவள் பதறிப்போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். லிஃப்ட் கதவு மூடியதும் தங்கை கேட்டாள்: "நீ எதுக்குக்கா சாரி சொன்ன?"

"பகைச்சுக்கிட்டு எப்படிடீ இருக்கறது?"

"நான் யாரையும் பகைச்சுக்கல. வழிகாட்டுற நாயை வளர்ப்பு நாய் கணக்குல சேர்க்கக் கூடாது. வீட்டை விட்டுப் போன்னு சொல்ல இவங்களுக்கு உரிமை கிடையாது. சட்டமே நம்ம பக்கம் இருக்கு. நான் புகார் எழுதப்போறேன்."

"எழுது. எழுதி ஜெயிச்சே வா. அந்தச் சட்டம் வந்து நம்மகூட லிஃப்ட்ல நிக்குமா? தினமும் இவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்?"

"நான் யார் மூஞ்சியிலயும் முழிக்கறதில்ல" என்றாள் தங்கை. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று. இந்த வீடு போனால் அடுத்த வீடு எங்கே? நாய் என்றதும் போனை வைத்த வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத்தான் தெரியும். அவர்களிடமெல்லாம் பேசியது அவள்தானே. இப்போதே வீட்டுக்காரர் போன் செய்து, "என்னம்மா ஏதோ தகராறாமே, எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று இழுத்தார். அடுத்த போனில் என்ன சொல்வார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆகவே தங்கையிடம் சொல்லாமல் அவளே சர்க்குலரைப் போய்ப் பார்த்தாள். புகார் கவுன்டரில் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தாள். "உங்க கவலை எனக்குப் புரியுது சார்" என்று ஆரம்பித்தாள். கால் மணி நேரத்தில் அவர் இறங்கிவந்தார். "சரிம்மா, நானும் மனுஷன்தான். ஒண்ணு பண்ணுங்க. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எல்லாரும் கூடுவோம். அன்னிக்கு உங்க தங்கச்சி நாயை வச்சு நடந்து காட்டட்டும். போன்னா போகணும், நில்லுன்னா நிக்கணும். சொன்னபடி கேட்டுதுன்னா நானே அனுமதி குடுக்கறேன்."

விஷயத்தைக் கேட்டதும் தங்கை கொதித்துப் போனாள்.

"நடந்து காட்டணுமா? சர்க்கஸா நடத்தறோம்? இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் நடந்து காட்டினாரா? அவர் மருமக நடந்து காட்டினாளா? நான் மட்டும் ஏன்க்கா காட்டணும்?"

"எனக்காகக் காட்டுடீ."

"உனக்காகவா?"

"எனக்கு இன்னொரு தடவை வீடு தேடத் தெம்பு இல்ல. கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது." பெரியவள் அழுதுவிட்டாள். நடிப்பு இல்லை, உண்மையாகவே வந்த அழுகை. தங்கை அவள் முகத்தைத் தேடித் தொட்டு, கன்னம் ஈரமாக இருப்பதை உணர்ந்தாள்.

"சரி. ஒரே ஒரு தடவை. உனக்காக" என்றாள்.

இங்கேயே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் பெரியவளால் சும்மா இருக்க முடியவில்லை. சபையில் வைத்து மாப்பிள்ளை முரண்டு பிடித்தால்? தங்கை இரண்டு தடவை "போ" என்று சொல்லியும் அது நின்றதை அவளும்தான் கேள்விப்பட்டிருக்கிறாளே. சர்க்குலர் சொன்னது அவளுக்கு நியாயமாகவே பட்டது. சொன்னதைக் கேட்காத நாய் என்ன நாய்? தங்கை செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாள்.

மாலையில் நாயைக் கீழே கூட்டிப்போவது பெரியவளின் முறை. தங்கை அந்த நேரம் குளித்துவிட்டுச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பாள். "பெல்ட்ல சேறு ஒட்டியிருக்கு, கீழ குழாயில தொடச்சிட்டு வரேன்" என்று சொல்லி அதையும் கையில் எடுத்துக்கொண்டாள். கைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

குடியிருப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அங்கே யாரும் வரமாட்டார்கள். பெல்ட்டை மாட்டி, கைப்பிடியைப் பிடித்து, தங்கையைப் போலவே கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கண்ணை மட்டும் அவ்வப்போது திறந்து பார்த்தாள். "போ" என்றாள். நடந்தது. வழியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள். நாய் நின்றது. "போ!" அது திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. "போன்னா போகணும்!" என்று பிடியை வைத்துத் தள்ளினாள். நாய் உடம்பைக் குறுக்கே திருப்பி, அவளை மேலே போகவிடாமல் நின்றது. இதைத்தானே சர்க்குலர் பார்த்தார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அதட்டினாள். பிஸ்கட்டை எடுத்து நாற்காலிக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு அது போயிற்று. "சமத்து! என் தங்கம்!" என்று கட்டிக்கொண்டாள்.

சந்தின் முடிவில் ஒரு படி இருந்தது. நாய் எந்தப் படியைக் கண்டாலும், விளிம்பைக் கண்டாலும் ஒரு நிமிஷம் நிற்கும். சோம்பேறித்தனம் என்று பெரியவள் முடிவுகட்டினாள். நிற்காமல் இறங்கினால் பிஸ்கட், நின்றால் அதட்டல். நாளுக்கு நாள் தேறி வந்தது. கடைசி வாரத்தில் அது அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டது. "போ" என்ற சொல் வாயை விட்டு வருவதற்குள் போயிற்று. எந்தப் புகாரையும் இவ்வளவு கச்சிதமாக அவள் தீர்த்து வைத்ததில்லை.

தங்கை ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "மாப்பிள்ளை கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கான்க்கா. படியில சரியா நிக்க மாட்டேங்கறான். இந்த மீட்டிங் முடிஞ்சதும் நிலையத்துக்கு ஒரு போன் போடணும். நான் டென்ஷனா இருக்கறது அவனுக்கும் ஒட்டிக்கிச்சோ என்னவோ."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளக் கூடத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் போல ஒரு எதிர்பார்ப்பு அவர்கள் முகத்தில். தங்கை வேலைக்குப் போகும் உடையில், தலையை நன்றாக வாரி, உதட்டை இறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளை அப்படி நிறுத்தி வைத்துப் பார்ப்பது பெரியவளுக்கே பொறுக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் சர்க்குலர். அவர் சொல்லச் சொல்ல, தங்கை நாய்க்குச் சொன்னாள். போனது. நின்றது. உட்கார்ந்தது. மேசையைச் சுற்றிவந்தது. ஒரு குழந்தை பந்தை உருட்டிவிட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் சர்க்குலர் வாசல் பக்கம் கைகாட்டி, "நேரா வெளிய போகச் சொல்லுங்க" என்றார். கூடத்திலிருந்து முற்றத்துக்கு இரண்டு படி. "போ" என்றாள் தங்கை. நாய் நிற்காமல் இறங்கியது. தங்கையின் கால் காற்றில் துழாவியது. தடுமாறி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, எப்படியோ விழாமல் நின்றுவிட்டாள்.

உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"பிரமாதம்! சொன்ன மாத்திரத்துல போகுதே! எங்க வீட்ல ஒருத்தரும் இப்படிக் கேக்கறதில்ல" என்றார் சர்க்குலர். ஒரே சிரிப்பு. மூன்றாம் மாடி அம்மா எழுந்துவந்து தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தங்கையின் முகம் வெளுத்திருந்தது. அக்காவின் பக்கம் குனிந்து, "படி இருந்துச்சு. அவன் நிக்கவே இல்லக்கா" என்று மெல்லச் சொன்னாள்.

"கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருக்கும். விடு. ஜெயிச்சிட்டோம்டீ!" என்றாள் பெரியவள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே தங்கையும் நாயும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். காவலாளி முதல் முறையாக எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட்டார். அதைப் பார்த்துப் பெரியவளுக்குப் பெருமையாக இருந்தது. தங்கை தெரு ஓரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் எதுவும் இல்லை. ஏனென்றால் வந்தது பேட்டரியில் ஓடுகிற சாமான் வண்டி, பூனை மாதிரி வரும். மேலிருந்து பெரியவளுக்குத் தெரிந்தது. கீழே நாய்க்கும் தெரிந்தது. அது தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்ததை அவள் தன் கண்ணால் கண்டாள்.

"போ" என்றாள் தங்கை.

போயிற்று.

பெரியவள் கத்தினாளா இல்லையா என்பது அவளுக்கு நினைவில்லை. வண்டிக்காரர் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது. வண்டியின் முனை இடித்து, தங்கை கையை ஊன்றி விழுந்தாள். பெரியவள் கையில் ஈரத்துணியோடு படியிறங்கி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, நாய் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து ஓடிவரும் இவளை நிமிர்ந்து பார்த்தது. சொன்னதைச் செய்துவிட்டேன் என்பது போல வாலை ஆட்டியது.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. பிசியோதெரபிஸ்டின் வலது மணிக்கட்டு. கட்டுப்போட்ட மருத்துவர், விரல்களில் பழைய பலம் வருமா என்பதைப் பிறகுதான் சொல்லமுடியும் என்றார். தங்கை அதற்குக்கூட அழவில்லை. "அவனுக்கு அடிபட்டுச்சா? மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நிலையத்திலிருந்து பயிற்சியாளர் வந்தார். பார்வையற்றவர்களோடு வருஷக்கணக்கில் நடந்து பழகியதால் மெதுவாகப் பேசுகிற மனிதர். நாயைத் தெருவுக்கும் படிக்கும் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"ஆபத்துன்னா நீங்க சொன்னாலும் போகக்கூடாது, விளிம்புன்னா நிக்கணும். இது ரெண்டும்தான் இவனுக்கு மாசக்கணக்குல சொல்லிக் குடுத்தது. ரெண்டும் போயிடுச்சும்மா. தானாப் போகல. யாரோ தின்னக் குடுத்து மாத்திப் பழக்கியிருக்காங்க."

"யாரு பழக்குவாங்க?" என்றாள் தங்கை. "பெல்ட்டை என்னையும் அக்காவையும் தவிர யாரும் தொடறதில்ல. எங்கக்கா அப்படிச் செய்யறவ இல்ல. அவ யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல."

பெரியவள் பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்து சமையலறைக்குப் போய்விடலாம் என்று பார்த்தாள். எழுந்ததும் நாயும் எழுந்தது. நேராக அவளிடம் வந்து கைப்பையில் மூக்கை நுழைத்து, பிஸ்கட்டுக்குக் காத்து நின்றது. பயிற்சியாளர் நாயைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு பெரியவளைப் பார்த்தார். நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தங்கைக்கு எதுவும் தெரியாது. இவள் வாய் திறக்காவிட்டால் இந்த விஷயம் இந்த அறையோடு போய்விடும். அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது.

"நான்தான்டீ" என்றாள்.

தங்கை முகத்தைத் திருப்பினாள், குரல் வந்த திசைக்கு.

"அவங்க முன்னாடி அது முரண்டு பிடிக்கக் கூடாதுன்னு... பின்னாடி சந்துல... பிஸ்கட் குடுத்து... சொன்னா கேக்கற நாயா இருந்தா வீடு நிலைக்கும்னு நெனைச்சேன்..." புகார் கவுன்டரில் வாழ்நாள் முழுக்கச் சொல்லித் தேய்ந்த மன்னிப்பு இப்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை.

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன்கிட்டச் சொன்னேனேக்கா. கேக்காம இருக்கவும் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு."

"விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைச்சேன்."

"ஆமா. நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்" என்றாள் தங்கை.

நாயை நிலையத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மறுபடி பழக்கிப் பார்க்கிறோம், ஆனால் ஒரு முறை விட்டுக்கொடுத்துப் பழகிவிட்ட நாயைத் தெருவில் நம்புவது கஷ்டம் என்றார் பயிற்சியாளர். வேறு நாய்க்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். அது எப்போது என்று அவரால் சொல்லமுடியவில்லை. கீழே வண்டியில் ஏற்றும்போது சர்க்குலர் ஓடிவந்தார். உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டுத்தான் வந்தார்.

"என்னம்மா, அனுமதிதான் குடுத்தாச்சே! இவ்வளவு அடக்கமான நாயை ஏன் அனுப்பறீங்க?"

பெரியவள் இந்த முறை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தங்கை இடது கையால் நாயின் காதைத் தடவிக்கொண்டே, "அது அடக்கம் இல்ல சார்" என்றாள். "நீங்க எல்லாரும் கைதட்டினீங்க இல்ல, அப்பவே எனக்குக் கண்ணு போயிடுச்சு. ரெண்டாவது தடவை."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி போன பிறகும் அங்கேயே நின்றிருந்தார்.

கட்டைப் பிரித்ததும் தங்கை கிளினிக்குப் புறப்பட்டாள். பாரம் தூக்காத வேலை ஏதாவது கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவள் கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிப்போகத் தயாராக நின்றாள். தங்கை முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டாள். பழைய பிடிதான். ஆனால் விரல்களில் முன்பிருந்த அழுத்தம் இல்லை. முறிந்த கை, அதனால்தான் என்று பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கேட்டைத் தாண்டித் தெரு ஓரத்துக்கு வந்தார்கள். பெரியவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை.

"வா, போலாம்" என்றாள்.

தங்கை நகரவில்லை.

"ஒண்ணும் இல்லடீ. நான் பார்த்துட்டேன். வா."

தங்கையின் கை அவள் முழங்கையை விட்டுக் கீழே இறங்கியது. தலையைச் சற்றுச் சாய்த்து, அவளே காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினாள். பெரியவள் மூன்றாம் முறை கூப்பிடவில்லை. வெறும் தெருவைப் பார்த்தபடி, தங்கைக்கு எப்போது நம்பிக்கை வரும் என்று பக்கத்திலேயே காத்து நின்றாள்.